மல்கியா 3:3: நோயாளி வீட்டில் போய் "கர்த்தர் புடமிடுகிறார்" என்று சொல்லலாமா?

ஒரு சகோதரியின் கேள்வி, பிப்ரவரி 1

"என் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பார்க்க வர்ற எல்லாரும் மல்கியா 3:3 சொல்றாங்க. 'கர்த்தர் பொன்னைப்போலப் புடமிடுறார், களிம்பு போகணும்ல'ன்னு. அவர்கிட்ட அப்படி என்ன களிம்பு இருந்தது, எனக்குத் தெரியாம? கோபத்துல கேக்கல. அந்த வசனம் நெஜமாவே இதைத்தான் சொல்லுதா?"

பிப்ரவரி 1, இரவு 10.40

இல்லை, சகோதரி. அந்த வசனம் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னதே இல்லை.

தட்டான் வெள்ளியை உருக்கிக் களிம்பை, அதாவது கசடை, நீக்குவதுபோல கர்த்தர் உட்கார்ந்து புடமிடுவார் என்கிற வசனம் அது. யாரைப் புடமிடுவார் என்று அதிலேயே இருக்கிறது: "அவர் லேவியின் புத்திரரைச் சுத்திகரித்து." பலிபீடத்தண்டை நிற்கிற ஆசாரியர்களும் ஆலய ஊழியக்காரர்களும்தான் அவர்கள். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் கி.மு. 515 வாக்கில் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். மல்கியா பேசுவது அதற்கும் பிறகு, பெர்சியர் ஆட்சியில். கட்டின கட்டடத்தில் ஆராதனை நடக்கிறது. பலிபீடத்தில் வைப்பதோ கண் ஊனமான, கால் ஊனமான, நசல்கொண்ட (நோய்ப்பட்ட) மிருகங்கள். "அதை நீ உன் அதிபதிக்குச் செலுத்து, அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ?" என்று முதல் அதிகாரத்திலேயே தீர்க்கதரிசி கேட்டுவிடுகிறார்.

3:3-ஐ ஆரம்பித்து வைத்த வசனம் 2:17. ஜனங்கள் கேட்கிறார்கள்: "நியாயந்தீர்க்கிற தேவன் எங்கே?" அதற்குப் பதில்தான் மூன்றாம் அதிகாரம். வருவார், நீங்கள் தேடுகிறவர்தான் வருவார், ஆனால் வந்ததும் முதலில் கைவைப்பது கோயிலுக்குள் இருக்கிறவர்கள்மேல். அப்படியிருக்க, படுக்கையில் கிடக்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு, சட்டை மடிப்புக் கலையாமல் இதைச் சொல்கிறவர்கள் வசனத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். நெருப்பு யார் பக்கம் வருகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பிடித்திருந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 2, காலை

என் கத்தோலிக்க நண்பர் செய்தி அனுப்பினார்: இன்று அவர்கள் திருப்பலியில் முதல் வாசகமே இந்தப் பகுதிதான். (அவர்கள் விவிலியத்தில் "மலாக்கி" என்றிருக்கும்.) குழந்தை இயேசுவை எருசலேம் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா இன்று. இது ஞாபகம் இல்லாமல்தான் நேற்று எழுதினேன்.

"தம்முடைய ஆலயத்துக்குத் தீவிரமாய் வருவார்" என்று மல்கியா சொன்னதை லூக்கா 2-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பது நாள் குழந்தை தாயின் கையில் வருகிறது. "அவர்களுடைய சுத்திகரிப்பின் நாட்கள் நிறைவேறினபோது" என்கிறார் லூக்கா. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12 அனுமதித்த காணிக்கை, ஒரு ஜோடிப் பறவை. புடமிட வருகிறவர் ஏழை வீட்டுப் பிள்ளையாக, தாமே சுத்திகரிப்புச் சடங்குக்கு உட்பட்டு உள்ளே வருகிறார். இதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிப்ரவரி 3, இரவு 9

"வெள்ளியில் தன் முகம் தெரியும்வரை தட்டான் உட்கார்ந்திருப்பானாம், அதுபோல ஆண்டவர் தம் சாயல் நம்மில் தெரியும்வரை..." என்ற கதையை இருவர் கீழே போட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நான்கு தடவையாவது வருகிறது. வசனத்தில் அது இல்லை. "அவர் உட்கார்ந்து" என்பது மட்டும் இருக்கிறது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வட்டாரம் முழுக்கக் கொலுசுப் பட்டறைகள். பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய வெள்ளியை உருக்கிச் சுத்தம் செய்வார். சாம்பலை நனைத்து இறுக்கிக் கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதில் செம்பு கலந்த பழைய வெள்ளி, அதோடு ஈயம். சுற்றிலும் கரி. காற்று ஒரு பக்கத்திலிருந்து உருகின பரப்பின்மேல் வழிந்துகொண்டே இருக்க வேண்டும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், வெள்ளிக்கு 962 வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் காற்றோடு சேர்ந்து மிருதாரசிங்கியாக (ஈய ஆக்சைடாக) மாறி, செம்பு முதலான மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிவிடுகிறது. வெள்ளிக்கு அந்தக் காற்று ஒட்டுவதில்லை, அது மேலேயே நிற்கிறது. மல்கியா காலத்தில் ஏதென்சுக்குப் பக்கத்தில் லௌரியன் சுரங்கத்தில் வெள்ளி எடுத்ததும் இதே முறையில்தான்.

அவர் எழுந்து போகவே இல்லை. காற்று கூடினால் வெள்ளி தெறிக்கும், குறைந்தால் ஈயம் உறைந்துவிடும் என்று சொன்னார். கடைசியில் பரப்பின்மேல் எண்ணெய்ப் படலம்போல வானவில் நிறங்கள் ஓடின. நீலம், பச்சை, ரோஸ். அவை ஓடி ஓடி மெலிந்து, சட்டென்று படலம் கிழிந்து, உள்ளேயிருந்து வெளிச்சம் மின்னி அடித்தது. முகம் பார்க்கிற கதை அந்த மின்னலைப் பார்த்த யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். எனக்கு அவர் முகம் அதில் தெரியவில்லை, அவர் முகத்தில்தான் அது தெரிந்தது.

முடிந்தது என்று நான் எழுந்தேன். "உக்காரு தம்பி, ஆறும்போது துப்பும்" என்றார். உருகின வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே வாங்கி வைத்திருக்கும். உறையும்போது அதைக் கக்கும், பரப்பில் மொட்டு மொட்டாக வெடிக்கும். நெருப்பு அணைந்த பிறகும் அவருக்கு வேலை இருந்தது.

"அவர் உட்கார்ந்து" என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷர்தான்.

பிப்ரவரி 3, இரவு 11.15

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஏசாயா 48:10-ல் "உபத்திரவத்தின் குகையிலே உன்னைத் தெரிந்துகொண்டேன்" என்று இருக்கிறதே, அந்தக் குகையை மலைக்குகை என்றே நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் எலியா ஒளிந்த குகையோடு சேர்த்துப் பாடம்கூட எடுத்திருக்கிறேன். தவறு. தட்டார் வழக்கில் குகை என்றால் உலோகம் உருக்கும் மூசை. நீதிமொழிகள் 17:3 பாருங்கள்: "வெள்ளியைக் குகையும், பொன்னைப் புடமும் சோதிக்கும்." எபிரெயத்தில் ஏசாயா சொல்லும் சொல் "கூர்", உலை. அன்று என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 5

ஒரு அண்ணன் கேட்டார்: "அப்போ கஷ்டத்துக்கும் சுத்திகரிப்புக்கும் சம்பந்தமே இல்லையா?" இரண்டு நாளாக இதே யோசனை. தீர்க்கதரிசிகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

ஏசாயா, கி.மு. எட்டாம் நூற்றாண்டு. "உன் வெள்ளி களிம்பாய்ப்போயிற்று" (1:22). நான் புடமிட்டு ஈயத்தையெல்லாம் நீக்குவேன் (1:25). அந்த வெள்ளி எப்படிக் களிம்பானது என்று 1:23 சொல்கிறது: பிரபுக்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்குகிறார்கள், திக்கற்ற பிள்ளையின் நியாயத்தை விசாரிப்பதில்லை, விதவையின் வழக்கு அவர்களிடத்தில் ஏறுவதில்லை.

எரேமியா, ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து. அங்கே பட்டறை தோற்றுவிட்டது. "துருத்தி வெந்தது, ஈயம் நெருப்பினால் அழிந்தது, புடமிடுகிறவனுடைய பிரயாசம் விருதாவாய்ப்போயிற்று" (6:29). சேலத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த வரி புரிந்தது. ஈயம் தன்னைக் கொடுத்துத் தீர்ந்துபோயிற்று, காற்றும் ஊதி முடிந்தது, அழுக்கு அப்படியே நிற்கிறது. "தள்ளுபடியான வெள்ளி." வேதாகமத்தில் இதைவிடச் சோர்ந்த வரிகள் குறைவு.

எசேக்கியேல் 22, பாபிலோனில் உட்கார்ந்துகொண்டு. எருசலேம் நகரமே குகை. உள்ளே பித்தளை, தகரம், இரும்பு, ஈயம். வெள்ளியே இல்லை.

(திருத்தம்: 18-ஆம் வசனப் பட்டியலில் இல்லை. 20-ல் "வெள்ளியையும்" என்று வருகிறது, ஆனால் அது உவமையில் உலோகங்களைச் சேர்க்கிற இடம். அவசரத்தில் எழுதிவிட்டேன்.)

பிறகு கி.மு. 586. நகரம் எரிந்தது, ஆலயம் இடிந்தது, ஜனங்கள் நாடுகடத்தப்பட்டார்கள். இதைவிடப் பெரிய உலை எது? அதிலிருந்து வெளியே வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும்தான் மல்கியாவில் நொண்டி ஆட்டைக் கொண்டுவந்து நிற்கிறார்கள். இதைக் கவனித்தபோது ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி வாசித்தேன். அத்தனை துன்பமும் அவர்களைச் சுத்தம் செய்யவில்லை! பட்ட பாட்டினாலேயே ஒருவர் பொன்னாகிவிடுவார் என்றால் மல்கியா புஸ்தகத்துக்கே தேவை இல்லை. ஆகவே புதிதாக ஒன்று வாக்குப்பண்ணப்படுகிறது. இந்தத் தடவை துருத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவரே வந்து உட்காருவார்.

அண்ணா, என் பதில் இதுதான்: கஷ்டம் தானாக யாரையும் புடமிடாது. அதைப் புடம் என்று பெயர்வைக்கிற உரிமை பக்கத்தில் வந்து உட்காருகிறவருக்கு இருக்கிறது. பத்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற எனக்கு இல்லை.

பிப்ரவரி 6

1 பேதுரு 1:7-ஐ நினைவூட்டின சகோதரருக்கு நன்றி. "அழிந்துபோகிற பொன் அக்கினியினாலே சோதிக்கப்படும், அதைப்பார்க்கிலும் அதிக விலையேறப்பெற்றதாயிருக்கும் உங்கள் விசுவாசம்." ஆம், பாடுபடுகிற விசுவாசிகளுக்கே பேதுரு அதை எழுதுகிறார். முதல் நாள் நான் "இல்லை" என்று அறுத்துச் சொன்னது கொஞ்சம் கூடிப்போயிற்று. விசுவாசி தன் பாட்டைப் பற்றித் தானே "என்னைப் புடமிடுகிறார்" என்று சொல்லலாம். யோபுவும் 23:10-ல் தன் வாயால்தான் சொல்கிறான்: "அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்." அவனைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரும் முதல் ஏழு நாள் தரையில் அவனோடு சும்மா உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

அதே பேதுரு 4:17-ல் "நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்குங்காலமாயிருக்கிறது" என்கிறார். மல்கியாவின் வரிசை அப்படியே: முதலில் வீடு.

சரி, எழுதுகிறேன் என்று சொன்னது. பல வருஷம் முன்பு நெருங்கிய நண்பனின் மனைவி புற்றுநோயில் போனாள். மூன்றாம் நாள் போய் இதே வசனத்தைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். பிறகு ஒரு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. அந்தச் சமயம் நான் சபைக் கமிட்டியில் இருந்தேன். புது மணிக்கூண்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். கோயில் கூட்டுகிற அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவர் விதவை. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று எழுதின தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. மல்கியா 3:5-ல் ஆண்டவர் யாருக்கு விரோதமாய்த் "தீவிரமான சாட்சி"யாக வருகிறார் என்ற பட்டியலில் விதவையின் கூலியை அபகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 3:3-க்கும் 3:5-க்கும் இடையில் ஒரே வசனம். நான் நண்பனுக்கு 3:3 வாசித்துவிட்டு, 3:5-ஐ எனக்கு வாசிக்காமல் விட்டேன்.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

3:6-ஐயும் சேர்த்துப் படியுங்கள். "நான் கர்த்தர் நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை." அது இல்லையென்றால் 3:5-ஐ என்னால் வாசிக்கவே முடியாது.

பிப்ரவரி 8

எல்லாரும் நெருப்பையே பேசுகிறோம். முந்தின வசனத்தில் (3:2) பாதி சோப்பு. "வண்ணாருடைய சவுக்காரத்தைப்போலவும் இருப்பார்."

எபிரெயத்தில் "போரித்", செடிச் சாம்பலிலிருந்து எடுக்கிற காரம். எபிரெய வேதாகமத்தில் இந்தச் சொல் இரண்டே இடத்தில் வருகிறது. இன்னொன்று எரேமியா 2:22: "நீ உன்னை உவர்மண்ணினாலே கழுவி, அதிக சவுக்காரத்தைக் கையாடினாலும்" கறை போகாது. நீயே தேய்த்தால் போகாத கறை என்கிறார் எரேமியா. அவரே சவுக்காரமாக வருவார் என்கிறார் மல்கியா. வெளுக்கிறவர்களைக் குறிக்கும் சொல்லின் வேர் துணியை மிதித்துத் துவைப்பதைச் சொல்வது. உடம்பு கழுவ எபிரெயத்தில் வேறு சொல் இருக்கிறது. சங்கீதம் 51-ல் தாவீது "என்னை முற்றிலும் கழுவி" என்று கேட்கும்போது இந்தத் துணி துவைக்கிற சொல்லைத்தான் எடுக்கிறான். என்னைப் போட்டு மிதித்துத் துவையும் என்கிறான்.

தமிழில் மொழிபெயர்த்தவர்கள் "உவர்மண்" என்று போட்டார்களே, அந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்க ஒரு அம்மா வருவார். உவர்மண்ணில் துணியை முக்கி, பானையில் அடுக்கி வெள்ளாவி வைத்து, ஆற்றில் அடித்துத் துவைத்து, மடித்துக் கொண்டுவருவார். பாட்டியின் வெள்ளைச் சேலை அவர் கையில்தான் வெளுக்கும். பாட்டி ஒரு ஞாயிறும் கோயிலைத் தவறவிட்டதில்லை, அந்தச் சேலையோடுதான் திருவிருந்துக்குப் போவார். அந்த அம்மாவுக்குக் காப்பி கொடுக்கப் பின்கட்டில் ஓட்டு இடுக்கில் தனியாக ஒரு அலுமினியக் குவளை செருகியிருக்கும். அதை அவரே கழுவிச் செருகிவிட்டுப் போகவேண்டும்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எருசலேமிலும் வண்ணார்துறை ஊருக்கு வெளியேதான், மேல்குளத்து மதகுப் பக்கம் (ஏசாயா 7:3). ஆகாஸ் ராஜாவிடம் பேச ஏசாயாவைக் கர்த்தர் அங்கேதான் போகச் சொல்கிறார். மல்கியாவில் அவர் தம்மையே அந்தத் துறைக்காரரின் கைப்பொருளுக்கு ஒப்பிடுகிறார். மாற்கு 9:3-ல் மலையின்மேல் இயேசுவின் உடை "பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்" இருந்ததாம். அந்த மகிமையை அளக்க மாற்குவுக்குக் கிடைத்த அளவுகோல் சலவைத் தொழிலாளியின் கை வேலை. நாங்களோ அந்தக் கையிலிருந்து வெளுத்த சேலையை வாங்கிக்கொண்டு, அந்தக் கை தொட்ட குவளையைத் தள்ளி வைத்தோம். லேவியின் புத்திரர் யார் என்று இனி எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிப்ரவரி 9

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார்: "நாலு மணி நேரத்துல டெக்னீஷியன் தம்பி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தா அவருக்கு பிபி எறங்குறதில்ல. எழுந்து போயிட்டா பயம்."

3:3-ல் லேவியரைப் புடமிடுவார் என்ற இடத்தில் வரும் எபிரெயச் சொல் "ஸகக்". வடிகட்டுதல் என்றும் பொருள். ஏசாயா 25:6-ல் கர்த்தர் வைக்கிற விருந்தில் வண்டலில்லாமல் தெளிந்த திராட்சரசத்துக்கும் அதே சொல். இதை வைத்து நான் ஒன்றும் கட்டப்போவதில்லை. உங்கள் வீட்டுக்காரரின் மெஷினை உவமையாக்கினால் நானும் அந்த வருகைக்காரர்களில் ஒருவனாகிவிடுவேன். நீங்கள் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15

ஊருக்குப் போயிருந்தேன். அந்த அம்மா இல்லை. மகள் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். இஸ்திரிக்கடை வைத்திருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். குவளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், வார்த்தை வரவில்லை. "தெரியும் தம்பி, உங்க வீட்ல மட்டுமா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரிப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.

பிறகு வெள்ளாவியைப் பற்றிக் கேட்டேன். துணியை அடுக்கி ராத்திரி முழுக்க ஆவி கட்டணுமாம். நெருப்பு எகிறினால் அடித்துணி கருகிப் போகும், இறங்கினால் அழுக்கு கிளம்பாது. "எங்கம்மா வெள்ளாவி வச்ச ராத்திரி படுக்கவே மாட்டாங்க. அடுப்புக்கு முன்னாடியே உக்காந்திருப்பாங்க. ஊர்த்துணி இல்லையா, எது யாரோடதுன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

சேலத்துக்காரர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16

சகோதரி, நீங்களும் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று தனிச்செய்தியில் சொன்னீர்கள். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட்டா, மதியமா? நான் நாலு மணி நேரமும் இருக்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி வாருங்கள். பைபிள் கொண்டுவர மாட்டேன், அவர் கேட்டால் ஒழிய. கிரிக்கெட் பார்ப்பாரா?